யாருக்குக் கொழுப்பு? ஹொக்கியன் மீயும் மூடிய ஜன்னலும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஹொக்கியன் மீ செய்தோம். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்களில் கிடைக்கிற இறால் நூடுல்ஸ் அது. அடையாறு பக்கம் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மூன்று மாணவத் தோழர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய அப்பா பத்து வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த நூடுல்ஸைப் பற்றிப் பேசுவாராம். அதை ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அந்தத் தம்பியின் ஆசை.

அடுப்பில் பன்றிக் கொழுப்பை உருக்கப் போட்டோம். போட்ட கையோடு நான் எழுந்துபோய் சமையலறை ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏன் தோழர், இவ்ளோ புழுக்கமா இருக்கு, ஜன்னலைச் சாத்துறீங்க?" என்று ஒரு தோழர் கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக மேடையில் சாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தியது என் கை. என்னைக் கேட்காமலேயே அது சாத்திவிட்டது. அந்தத் தோழரின் கேள்விக்குத் தாமதமான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது என்ன உணவு என்று சொல்லிவிடுகிறேன். ஹொக்கியன் என்பது தென்சீனத்தின் ஃபுஜியான் பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப்போன மக்களையும் அவர்கள் பேசும் மொழியையும் குறிக்கிற சொல். மீ என்றால் நூடுல்ஸ். ஒரே பெயரில் மூன்று ஊரில் மூன்று உணவு இருக்கிறது. பினாங்கில் இது இறால் சூப்பில் மிதக்கிற நூடுல்ஸ். கோலாலம்பூரில் கறுப்பு சோயா சாஸில் புரட்டிய தடித்த நூடுல்ஸ். சிங்கப்பூரில் மஞ்சள் முட்டை நூடுல்ஸையும் வெள்ளை அரிசி நூடுல்ஸையும் கலந்து வறுத்து, இறால் சாற்றில் வேகவைப்பது. நாங்கள் செய்தது சிங்கப்பூர் வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நூடுல்ஸ் ஆலைகளில் வேலைபார்த்த ஹொக்கியன் தொழிலாளர்கள் மிஞ்சிய நூடுல்ஸை ராத்திரியில் ரோச்சோர் சாலை ஓரம் கரியடுப்பில் வறுத்துச் சாப்பிட்டதிலிருந்து இது பிறந்தது என்று சொல்வார்கள். ஆக, இது உழைப்பவர்களின் சாப்பாடு. மிஞ்சியதிலிருந்து ருசியை உண்டாக்கியவர்களின் சாப்பாடு. நம் பாட்டிகளுக்குத் தெரியாத வித்தை இல்லை அது.

நான்கு பேருக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது இது: தலையோடு அரைக் கிலோ இறால், கால் கிலோ கடம்பா, பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறி கால் கிலோ, எலும்பு அரைக் கிலோ, தனியாக 200 கிராம் கொழுப்பு. உலர்ந்த முட்டை நூடுல்ஸ் 200 கிராம், அரிசி சேவை 200 கிராம், முட்டை நான்கு, பூண்டு பத்துப் பல், முளைகட்டிய பயறு இரண்டு கைப்பிடி, மீன் சாஸ், வெள்ளை மிளகுத்தூள். அங்கே கலமான்சி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிவார்கள். நமக்கு நம்ம ஊர் எலுமிச்சை போதும். சட்டிக்குத் தேட வேண்டியதே இல்லை. பல ஊர்களில் வாணலியை இன்றைக்கும் சீனச்சட்டி என்றுதான் சொல்கிறோம்.

இறாலும் கடம்பாவும் நொச்சிக்குப்பத்தில் வாங்கியவை. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்றினார்கள். மீனவ மக்கள் படகுகளைச் சாலைக்குக் கொண்டுவந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புது மீன் அங்காடி திறக்கப்பட்டது. தங்கள் கரையிலேயே மீன் விற்பதற்குப் போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள். நம் கதைக்கு அவர்கள் தூரத்து ஆட்கள் இல்லை.

செய்முறையில் அவசரம் கூடாது. கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைக்க வேண்டும். தண்ணீர் வற்றி நெய் பிரியும். துண்டுகள் பொன்னிறமாகி மொறுமொறுவென்று மிதக்கும்போது அரித்து எடுத்துக்கொள்ளலாம். அந்த நெய்யில் இறால் தலையையும் ஓட்டையும் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். இறால் தலையைக் கரண்டியால் நசுக்கினால் சாறு இறங்கி நெய் ஆரஞ்சு நிறமாகும். இதில் எலும்பையும் இரண்டு லிட்டர் தண்ணீரையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். வயிற்றுக்கறியையும் அதிலேயே வேகவைத்து எடுத்து மெல்லிசாக வெட்டிக்கொள்ளலாம். இறாலையும் கடம்பாவையும் ஒரே நிமிடம் காட்டி எடுத்தால் போதும், இல்லையென்றால் ரப்பராகிவிடும்.

பிறகுதான் வறுவல். சட்டி புகைகிற அளவுக்குக் காய வேண்டும். கொழுப்பு நெய்யில் முட்டையை உடைத்து ஊற்றி, வேகவைத்த நூடுல்ஸையும் ஊறிய சேவையையும் போட்டு, ஓரங்கள் லேசாகக் கருகும்வரை புரட்ட வேண்டும். அப்புறம் இரண்டு கரண்டி சாற்றை ஊற்றி மூடிவிட வேண்டும். நூடுல்ஸ் சாற்றைக் குடித்ததும் மறுபடி இரண்டு கரண்டி. நசுக்கிய பூண்டு, பயறு, கறி, இறால், மீன் சாஸ், மிளகுத்தூள், கடைசியில் மொறுமொறு கொழுப்பு. இதன் சூட்சுமம் இதுதான்: இது பாதி வறுவல், பாதி வேகவைத்தல். வீட்டு அடுப்பின் தீ கடையடுப்பு அளவுக்கு வராது. அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் போடக் கூடாது. இரண்டு இரண்டு பேருக்காக இரண்டு ஈடாகச் செய்ய வேண்டும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உணவை மறைத்துச் சமைக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் கொதிக்கிற இறால் தலையும் எலும்பும், உருகுகிற பன்றிக் கொழுப்பும், புகைகிற சட்டியும் மாடிப்படி முழுக்க ஏறி இறங்கும். கொழுப்பை எடுத்துவிட்டுச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தால் வாசனை குறையும்தான். ஆனால் அப்போது அது ஹொக்கியன் மீ இல்லை.

அந்தக் கொழுப்பிலிருந்துதான் நம் அரசியல் தொடங்குகிறது.

நம் மொழியில் கொழுப்பு என்ற சொல்லை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புதுச் சட்டை போட்டால் கொழுப்பு. பைக்கில் தெருவைக் கடந்தால் கொழுப்பு. எதிர்த்துக் கேட்டால் கொழுப்பெடுத்துப்போச்சு. உடம்பில் சத்து சேர்வதையே திமிராகப் பார்க்கிற சமூகம் இது. அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில் நடந்ததைக் குறிப்பிடுகிறார். யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டப்படாதவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். அந்த விருந்தில் நெய் பரிமாறினார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடியோடு வந்து உணவைப் பாழாக்கினார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். விருந்துச் சோற்றில் இருந்த நெய்தான் குற்றம்.

நெய் தின்றால் அடி. சரி, உனக்கு நெய் வேண்டாம் என்று பன்றியின் கொழுப்பை உருக்கிச் சமைத்தால் அதற்குப் பெயர் அசுத்தம். எங்கள் வீட்டில் பன்றிக்கறிக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். கறி தன் கொழுப்பிலேயே வேகும். கடலை எண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய வசதி! மராத்தியில் ஷாகு பாட்டோளே 2015-ல் மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 2024-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. அதைப்போல நம் சேரிச் சமையல்களையும் ஊர் ஊராக எழுதிவைக்க வேண்டும். கூடவே ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்றிக்கறி தின்பவர்களைத் தின்னாதவர்கள் மட்டமாகப் பார்ப்பது நமக்குள்ளேயும் இருக்கிறது. கறிக்கடைப் பலகையில் 'வெண்பன்றி' என்று எழுதினால்தான் கூசாமல் வாங்குகிறோம். அந்த 'வெண்' எதற்கு என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இதே கொழுப்பு சிங்கப்பூரில் கௌரவம். அந்த நாட்டின் ஹாக்கர் உணவுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. சில கடைகளில் ஹொக்கியன் மீயைப் பாக்கு மட்டையில் கட்டிக்கொடுப்பார்கள், அந்த மட்டையின் மணமும் சேர்ந்தால்தான் ருசி என்பார்கள். நம் சென்னைவாசிகள் அங்கே போய் வரிசையில் நின்று தின்கிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். திரும்பி வந்ததும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இருக்கிற தங்கள் ஃபிளாட்டை வாடகைக்கு விடும்போது 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று விளம்பரம் கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டு உணவு என்பதால் அவர்களுக்கு ஒவ்வாமை வந்துவிடவில்லை. பாண்டி பஜாரில் ஒரு நடை நடந்து பாருங்கள். வெஜ் ஹக்கா நூடுல்ஸ், செஷ்வான் தோசை, பூண்டு வெங்காயம் இல்லாத நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும். சீனச் சாப்பாடு உள்ளே வரலாம். வருவதற்கு முன் கறியை, கொழுப்பை, எலும்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். மனிதர்களுக்கும் அதே விதிதான். நீங்கள் ஐடி கம்பெனியில் வேலை செய்யலாம், இங்கிலீஷ் பேசலாம். உங்கள் அடுப்பின் வாசனையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் வீடு கிடைக்கும்.

நான் மந்தைவெளியில் வீடு தேடிய காலத்தில் புரோக்கர் முதல் கேள்வியே "சார் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்றுதான் கேட்டார். அடுத்தது "சொந்த ஊர் எது?" மூன்றாவது "அங்க எந்தத் தெரு?" மூன்று கேள்விக்கும் அவருக்கு வேண்டியிருந்த பதில் ஒன்றுதான். சாதி என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.

உணவுப் பழக்கம் சொந்த விருப்பம்தானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலகத்தின் 2014 மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சைவ உணவுக்காரர்கள் 100-க்கு மூன்று பேர்கூட இல்லை. 97 பேருக்கு மேல் அசைவம் உண்கிற மாநிலத்தில், தெருத்தெருவாகச் 'சைவம் மட்டும்' என்ற நிபந்தனை எப்படி வந்தது? தன் வீட்டில் மீன் குழம்பு வைக்கிற ஓனர்கூட வாடகை விளம்பரத்தில் சைவம் என்று போடுவதை நான் பார்த்திருக்கிறேன். சைவம் என்பது இங்கே சாதியை நாகரிகமாகக் கேட்கும் வழி.

1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால், ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் தினமும் போய்க் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. இன்று அப்படி எழுத ஓட்டல்கள் தயங்கும். ஆனால் அந்தப் பலகை ஒழியவில்லை என்று நினைக்கிறேன். ஓட்டல் வாசலிலிருந்து கழற்றி அப்பார்ட்மென்ட் வாசலில் மாட்டிவிட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரைத் தாங்கிய நகரிலேயே மாட்டியிருக்கிறார்கள்.

கல்விக்கூடமும் விலக்கில்லை. அடையாறுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஐடி வளாகத்தில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதம் ரத்து செய்யப்பட்டு, நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் திரும்பக் கொடுக்கப்பட்டது. 2017 மே மாதம் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் தாக்கப்பட்டுக் கண்ணில் காயமடைந்தார். 2018 டிசம்பரில் அங்கே ஒரு மெஸ்ஸில் சைவருக்குத் தனி வாசல், தனி கை கழுவும் தொட்டி என்று போஸ்டர் ஒட்டினார்கள். மாணவர்கள் அம்பலப்படுத்திய பிறகே அவை கிழிக்கப்பட்டன.

"சிங்கப்பூரிலும் ஹலால் தட்டு தனி, மற்ற தட்டு தனி என்று வைக்கிறார்களே, அது மட்டும் சரியா?" என்று அன்றைக்கு ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே ஹாக்கர் சென்டர்களில் தட்டைத் திருப்பி வைக்கும் இடம் ஹலாலுக்குத் தனியாக உண்டு. ஆனால் மேஜை ஒன்று, வாசல் ஒன்று, கை கழுவும் குழாய் ஒன்று. தட்டுதான் பிரிகிறது, மனிதர்கள் பிரிவதில்லை. நம் முஸ்லிம் தோழர் பன்றிக்கறி வேண்டாம் என்பது அவருடைய தட்டைப் பற்றிய முடிவு. அவருக்குத் தனிச் சட்டியில் சமைப்பது நம் கடமை. ஹவுஸ் ஓனர் வேண்டாம் என்பது என் தட்டைப் பற்றிய முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, 'எல்லாருக்கும் நம்பிக்கை இருக்கு' என்று பேசுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். அதேபோல, பன்றிக்கறியை முஸ்லிம்களைச் சீண்டுகிற ஆயுதமாக்குகிறவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சிங்கப்பூரைச் சொர்க்கமாக்கவும் நான் தயாரில்லை. இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்ற விளம்பரங்கள் அங்கேயும் வந்தன. 2011-ல் ஒரு செய்தி வெளியானது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பிடிக்கவில்லை. சமரச மையத்தில் பேச்சு நடந்து, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டுமே குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. செய்தியைப் படித்த சிங்கப்பூர் மக்கள் கொதித்துப்போனார்கள். 2011 ஆகஸ்ட் 21-ஆம் தேதியை 'ஒரு சட்டி குழம்பு வைப்போம்' நாளாக அறிவித்தார்கள். ஃபேஸ்புக்கில் 50,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் அன்று குழம்பு வைத்தார்கள். அந்த இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டதைத்தான் நான் ஜன்னலைச் சாத்தியபோது செய்தேன். என்னிடம் யாரும் சமரசம்கூடப் பேசவில்லை. நானாகவே ஒத்துக்கொண்டேன்.

நாம் இதுவரை பொது இடத்துச் சாப்பாட்டுக்காகப் போராடியிருக்கிறோம். 2022-ல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணி விலக்கப்பட்டபோது கேட்டோம், மாநில எஸ்சி எஸ்டி ஆணையமும் கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அது தேவையான போராட்டம். ஆனால் திருவிழா மூன்று நாள். வீட்டு அடுப்பு வருடம் முழுக்க எரிகிறது. அங்கே தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. சாதியோ உணவோ காரணமாக வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு அதில் இல்லை. 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுச் சங்க வழக்கில், ஒரு சமூகத்துக்கு மட்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. இன்னொரு பக்கம், அரசியல் சட்டம் 15(2) கடைகளில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. கடை என்ற சொல்லை விரிந்த பொருளில், சேவை தருகிற எல்லாரையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். 2011-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் அந்த விளக்கத்தை எடுத்தாண்டது. காசு வாங்கிக்கொண்டு வீடு தருவதும் ஒரு சேவைதான் என்று வாதாட அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்களே, அந்தக் கதவைத் தட்டுங்கள்.

மற்றவர்களும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வீடு மறுக்கப்பட்டால் தேதி, தெரு, கேட்ட கேள்வி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஆதாரம் இல்லாத அவமானம் நம் மனதோடு போய்விடும். வாடகைச் சட்டத்தில் சாதி, மதம், உணவு காரணமாக வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் திருத்தம் வேண்டும் என்பதை உங்கள் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். முதல் ஈடு வறுக்கும்போதே அறை முழுக்கப் புகை. எல்லாருக்கும் இருமல். கண் எரிந்து, சட்டியில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நூடுல்ஸ் அடிபிடித்துவிட்டது. இரண்டாவது ஈட்டுக்கு முன்னால் நானே போய் ஜன்னலைத் திறந்தேன். தீயை முழுசாக வைத்தோம். அது நன்றாக வந்தது. அந்தத் தம்பி பாக்கு மட்டைத் தட்டில் ஒரு பங்கை வைத்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். "எலுமிச்சை பிழிஞ்சியா?" என்று பதில் வந்தது.

சாயந்திரம் ஓனர் போன் செய்தார். "என்ன சார், மத்தியானம் ஒரு மாதிரி வாசனை வந்துதாமே?" என்றார். "பன்றிக்கறி சமைச்சோம் சார்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வைத்துவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. புதுப்பிப்பாரா என்று தெரியாது. மறுத்தால், என்ன காரணம் என்று எழுதிக் கேட்பேன், அவர் சொல்கிற பதிலை இங்கே போடுவேன்.

அதுவரை ஜன்னல் திறந்தே இருக்கும்.

ஜெய் பீம்.